ஞாபகத்தில் இல்லாத படகு

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் கிடையாது. பெரிய டாக்டர் முதல் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவர் வரை எல்லாருக்கும் அவள் ரெக்கார்டு அக்கா. தரைத்தளத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறையில், நாற்பதாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் கோப்புகளோடு இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். கம்ப்யூட்டர் வந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும், "போன மழைக்காலத்துல கை முறிஞ்சு வந்தாரே, பெரிய மீசைக்காரர், அவர் கோப்பு" என்று கேட்டால் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். அக்கா எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பெருமையை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய். தாராளமாகவே காட்டிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவளுடைய சொந்த அக்கா, எட்டு வயது மூத்தவள், நாலு வருஷத்துக்கு முன்பு மறக்க ஆரம்பித்தாள். சாவியை மறப்பது, அடுப்பை மறப்பது எல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது வேறு. டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது, தினமும் பார்க்கிற கதையிலேயே, "இவன் யாரு?" என்று கேட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாள். அன்றைக்கு ரெக்கார்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். பெரியவளுக்கு இப்போது பெற்ற மகனையே அடையாளம் தெரிவதில்லை. அவனும் அவன் மனைவியும்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்த தங்கை, இரண்டு மாதமாக ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தாள். போனால் அரைமணி நேரம் உட்கார முடிவதில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, எட்டு வருஷம் கழித்து இது நம் முகம்தானோ என்று தோன்றிவிடும்.

இந்த நிலைமையில்தான் லேப்காரி வந்து சேர்ந்தாள். மேல்தளத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஒரு துப்பறியும் தொடரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி முழுக்க அதற்குப் பிரசாரம் செய்துகொண்டிருந்தாள். மழை ஓயாத ஏதோ ஒரு துறைமுக ஊர், அங்கே ஒரு கொலை, அதற்குப் பின்னால் இன்னொரு பழைய கொலை, ஊரில் பாதிப்பேர் மேல் சந்தேகம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள்.

"இத மட்டும் பாருங்கக்கா. சாதாரண மூளைக்கெல்லாம் புரியாது. உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றாள்.

சாதாரண மூளைக்குப் புரியாது என்று சொன்ன பிறகு அக்கா எப்படி வேண்டாம் என்பாள்? லேப்காரி பென் டிரைவில் பன்னிரண்டு பாகத்தையும் போட்டுக் கொடுத்தாள். "டி.வி.யில சொருகி முதல் பாகத்தப் போடுங்க. அடுத்தடுத்து தானா வரும்" என்றாள்.

வீட்டில் ரிமோட் கணவர் கையில். முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பட்டறைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் டீயோடு உட்கார்ந்தார்கள். முதல் பாகம் முடிந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. குடிக்கவே இல்லை. கரையில் ஒதுங்கிய பிணம், அதைப் பார்த்து முகம் மாறாத ஒரு தபால்காரன், சதா சிரித்துக்கொண்டே இருக்கிற ஒரு பல் டாக்டர், நனைந்த கோட்டைக் கழற்றாமலே எல்லாரையும் விசாரிக்கிற ஒரு பெண் அதிகாரி. அந்த அதிகாரியை அக்காவுக்குப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. அதிகம் பேசுவதில்லை, ஒன்றையும் மறப்பதில்லை.

"தினம் ஒண்ணு. அதுக்கு மேல வேண்டாம், அடிமையாயிடுவோம்" என்றாள் அக்கா. அடிமையானது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. மறுநாள் மதியமே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டாவது பாகம் ஓடியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தபால்காரனுக்குக் காலில் கட்டு. எப்போது அடிபட்டது? பெண் அதிகாரி யாரோ ஒரு கிழவரிடம் பல நாள் பழகியவள் மாதிரி கோபித்துக்கொள்கிறாள். அந்தக் கிழவர் எங்கிருந்து வந்தார்? திரையில் இருந்த அத்தனை பேருக்கும் அத்தனையும் தெரிந்திருந்தது. தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"என்னங்க, இந்தப் பெரியவர் யாரு?"

"வந்தாரேம்மா நேத்து" என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நேத்தா?"

"பின்னாடி நின்னுட்டு இருந்தாரு. நீ டீ போடப் போயிருப்ப."

அவள் எழுந்திருக்கவே இல்லை என்று அவளுக்கு நினைவு. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் முதல் அடி.

இரண்டாவது அடி மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் விழுந்தது. லேப்காரி தட்டை வைத்துவிட்டு உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "எத்தன பாகம் பாத்தீங்கக்கா?"

"ரெண்டு."

"அப்ப படகு பாத்தாச்சு. எப்படி இருந்துச்சு படகு? நான் நகத்த முழுசா கடிச்சுத் துப்பிட்டேன்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. படகா? இரண்டு பாகத்திலும் படகு எதுவும் வரவில்லை. அல்லது வந்தது, அவளுக்குத்தான் நினைவில்லை. நகத்தைக் கடிக்க வைக்கிற படகு முந்தாநாள் கூட இல்லை, நேற்றுப் பார்த்த படகு, சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரிப் போயிருந்தது. "நல்லா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "என்னங்க, நேத்து கதையில படகு வந்துதா?"

கணவர் ஒரு நொடி பார்த்தார். "வந்துதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும். சாட்சி சொல்லியாகிவிட்டது, ஒருத்தர் இல்லை, இரண்டு பேர்.

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தொடரைத் தலைமுழுகியிருப்பார்கள். அக்கா அப்படிப்பட்ட ரகம் இல்லை. ரெக்கார்டு ரூமில் ஒரு கோப்பு வெளியே போனால் அது இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகுவார்கள். யார் எடுத்தார்கள், எந்த வார்டுக்குப் போயிற்று, எப்போது என்று அதில் எழுதியிருக்கும். மதியமே பழைய அட்டைகளில் ஒரு கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. தபால்காரன், கால்கட்டு, திங்கள். பெரியவர், எங்கிருந்து வந்தார் தெரியவில்லை. செத்தவர்களின் அட்டைகளுக்குத் தனியாக ஒரு ரப்பர் வளையம். கணவர் கேட்டதற்கு, "சும்மா, பொழுதுபோக்கு" என்றாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். வெளியே தோழிகள் கூப்பிட்டால் போகவில்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை. கதை சுவாரஸ்யம் ஒரு பக்கம். இதைப் புரிந்துகொண்டுவிட்டால் தனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும், அது இன்னொரு பக்கம். கொலைகாரன் யார் என்பதைவிட அவளுக்கு வேறு கேள்விதான் முக்கியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பெண் அதிகாரி செத்துப்போனாள். கப்பல் கிடங்கில், முதுகில் குண்டு பாய்ந்து. அக்கா அழுதேவிட்டாள். அழுதுகொண்டே அட்டையை எடுத்து ரப்பர் வளையத்துக்குள் செருகினாள். புதன்கிழமை பல் டாக்டரின் கையில் விலங்கு மாட்டினார்கள். சிரித்துக்கொண்டே போனான். "நான் முதல்லயே சொன்னேன்ல" என்றார் கணவர். அவர் சொல்லவே இல்லை. சொன்னாரோ என்னவோ.

வியாழக்கிழமை டி.வி.யைப் போட்டால், பல் டாக்டர் சாவகாசமாக ஒரு கிழவியின் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

"என்னங்க, இவனைத்தான் நேத்து பிடிச்சுட்டாங்களே?"

"ஜாமீன்ல வந்திருப்பான்."

தபால்காரன் இரண்டு காலாலும் நன்றாக சைக்கிள் மிதித்துக்கொண்டு போனான். "கட்டு பிரிச்சிருப்பாங்க" என்றார் கணவர். அதற்கும் தலையாட்டினாள். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு, நனைந்த கோட்டோடு, பெண் அதிகாரி உள்ளே வந்தாள். அக்காவின் கை தன்னால் போய் ரப்பர் வளையத்தைத் தடவியது. அட்டை இருந்தது. அவளுடைய கையெழுத்துதான். இறந்துவிட்டாள், செவ்வாய்.

"இவங்க செத்துட்டாங்கங்க."

கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது தங்கச்சியா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு படகும் வந்தது. இருட்டில் கட்டு அறுந்து தானாகவே நகர்ந்துகொண்டு போகிற படகு, அதற்குள்ளிருந்து யாரோ தட்டுகிற சத்தம். யார் பார்த்தாலும் ஜென்மத்துக்கும் மறக்காத காட்சி. "அன்னைக்குக் காட்டினதையே திரும்பக் காட்டுறாங்க" என்றார் கணவர். திரும்பப் பார்க்கும்போதுகூட ஒரு துளி நினைவு வரவில்லை என்றால் முடிந்தது கதை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். சொந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அங்கே காட்டினால் கோப்பு போடுவார்கள், அந்தக் கோப்பு மாலைக்குள் அவள் அறைக்கே வரும், தன் பெயரை எழுதித் தானே அடுக்க வேண்டும். ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக்கைப் பிடித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். கணவரிடம் மூச்சு விடவில்லை.

அந்த வாரம் முழுக்க ரெக்கார்டு ரூமில் வெள்ளையடிப்பு. அடிக்கடி கேட்கிற கோப்புகளை நாற்பது பெட்டிகளில் போட்டு, ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதி, வெளித் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளியன்று அக்கா கீழே இறங்கி வந்தபோது பெட்டிகள் உள்ளே வந்து சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. எலும்பு வார்டிலிருந்து ஒரு கோப்பு கேட்டு ஆள் வந்தார். அது இரண்டாவது பெட்டியில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். வரிசையில் இரண்டாவதாக இருந்ததில் போய்க் கையை விட்டாள். வேறு எதுவோ வந்தது. நம்பரைப் பார்த்தாள். பத்து.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் கூடத் தப்பாத கை. இதுவும் போயிற்றா, இவ்வளவு சீக்கிரமாகவா என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த ஆள், "பரவாயில்லக்கா, அப்புறம் வர்றேன்" என்றார். யாரும் அவளிடம் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அந்த இரக்கம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தது. கோபத்தில் அடுத்த பெட்டியைப் பார்த்தாள். பதினொன்று. அதற்கு அடுத்தது பன்னிரண்டு. பத்தொன்பது வரை போய், அதன் பக்கத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இரண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் இருபது.

"யாரு இப்படி அடுக்கினது?" அவள் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நாற்பது வயது மனிதர், அதிர்ந்து பேசாதவர்.

"லிஸ்ட்படிதான்க்கா அடுக்கினாங்க. நான் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுத்தேன்."

"ஒண்ணுக்கு அப்புறம் பத்தா வரும்? எந்த ஊர்க் கணக்கு இது?"

"அது நம்மள மாதிரி எண்ணாதுக்கா. முதல் இலக்கத்தத்தான் முதல்ல பாக்கும். ஒண்ணுல ஆரம்பிக்கிறத எல்லாம் முதல்ல வச்சிரும். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அதெல்லாம் முடிஞ்சாத்தான் ரெண்டுக்கு வரும். ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் முன்னாடி ஒரு சைபர் போட்டுக் குடுத்திருந்தா ஒழுங்கா வந்திருக்கும். என் தப்புதான்."

அக்கா வாயைத் திறந்து திட்டப் போனாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"எல்லா மெஷினும் இப்படித்தானா?"

"நிறைய மெஷின் இப்படித்தான்."

"டி.வி.?"

"டி.வி.யாக்கா?" என்றார் அவர்.

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லை. மூன்று மாடியும் படியேறிப் பரிசோதனைக்கூடத்துக் கதவைத் தள்ளினாள். லேப்காரி ரத்தக் குழாய்களுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தபால்காரனுக்குக் கால்ல கட்டு எந்தப் பாகத்துல?"

"என்னக்கா இது, மூச்சு வாங்குது, உக்காருங்க."

"எந்தப் பாகம்?"

"ஒம்பதுல விழுவான். பத்துல கட்டோட வருவான். ஏன்?"

"அந்த அதிகாரியம்மா எப்ப சாவாங்க?"

லேப்காரியின் முகம் விழுந்துவிட்டது. "யாருக்கா சொன்னா அதுக்குள்ள? பதினொண்ணுல. நான் யார்கிட்டயும் மூச்சு விடல."

அக்கா அங்கே இருந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வோர் அட்டையாக மனதுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இடம் தவறவில்லை. அதற்கு முன் பார்க்காத பெரியவரைத்தான் அவளுக்குத் தெரியவில்லை. பார்க்காத படகைத்தான் அவளுக்கு நினைவில்லை. பார்த்த ஒன்றையும் அவள் மறக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அவளுக்கு அது நிஜமாகவே உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. லேப்காரி பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கணவரை டி.வி. முன்னால் உட்கார வைத்து, பென் டிரைவில் இருப்பதையெல்லாம் திரையில் காட்டச் சொன்னாள். மேலிருந்து கீழாக அதே வரிசை. ரிமோட்டை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அப்ப அது தங்கச்சி இல்லையா?" என்றார்.

"இல்ல. உங்களுக்கு ஒண்ணுமே புரியலதானே?"

"சுத்தமா."

"படகு வந்துதுன்னு சொன்னீங்களே. எனக்கு உயிரே போயிடுச்சு தெரியுமா? டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன், உங்களுக்குத் தெரியாம."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "நீ கேட்டப்ப எனக்குப் படகு ஞாபகமே இல்ல. நீ பாத்திருக்க, எனக்குத்தான் மறந்து போச்சுன்னு நெனச்சேன். பெரியவளப் பாத்துட்டு வர்ற அன்னைக்கெல்லாம் நீ சாப்பிடறதே இல்ல. இதுல நானும் அப்படி ஆயிட்டேன்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான் ஆமான்னேன்."

"மத்ததெல்லாம்? ஜாமீன், கட்டு?"

"ஒரு தடவ ஆமான்னுட்டா, அப்புறம் அதோடயே போக வேண்டியிருக்கு."

ஐந்து நாளாக ஒரே சோபாவில், ஒரே டி.வி. முன்னால், இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்து செத்திருக்கிறார்கள். அவளுக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நன்றாகத் திட்டினாள். திட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று வாக்குறுதி வாங்கினாள். அவர் சரி என்றார். கிளினிக்குக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள். அன்று சாயங்காலம் படகு வருகிற பாகத்தையே மறுபடியும் போட்டார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து மூன்றும் நாலும் ஐந்தும் பார்த்தார்கள். தினம் ஒன்று என்ற பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. ஐந்தாவதில் கணவர் மூன்று முறை, "இது எனக்குப் புரியல" என்றார். அவள் நிறுத்தி நிறுத்தி விளக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெரியவளைப் பார்க்கப் போனாள். கதவைத் திறந்த மருமகள், "வாங்க சித்தி" என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. பெரியவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையைப் படியச் சீவி விட்டிருந்தார்கள். தங்கையை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றாள்.

போன முறை அந்த 'டீச்சர்' கேட்டு அவள் அரைமணி நேரத்தில் எழுந்து ஓடியிருந்தாள். இப்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது அவளுடைய முகம் இல்லை, அக்காவின் முகம்தான். வலது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்த தழும்பு, சிரித்தால் மட்டும் விழுகிற கன்னக்குழி. இத்தனை நாளாக இதை ஒழுங்காகப் பார்க்காமல் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆகவே கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கரையில் ஒதுங்கிய பிணத்திலிருந்து தொடங்கி, பல் டாக்டரைப் பிடித்தது, அதிகாரி கிடங்குக்குப் போனது, அங்கிருந்து தாவிப் படகு என்று, வாய்க்கு வந்த வரிசையில். முன்னால் பின்னால் போனதைப் பெரியவள் கவனித்ததாகவே தெரியவில்லை. படகுக்குள்ளிருந்து தட்டுகிற இடம் வந்தபோது தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பல் டாக்டர் பேச்சு வந்தபோது மட்டும் குறுக்கே பேசினாள்.

"பாவம், சிரிச்ச முகமா இருக்கான்றீங்க. அவனை விட்டுடச் சொல்லுங்க டீச்சர்."

"சரி, சொல்றேன்" என்றாள் தங்கை.

உள்ளேயிருந்து மருமகள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

இருட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள் தங்கை.